கண்டிப் பள்ளத்தாக்கின் வளி

ஒரு நகரின் வளி எவ்வளவு கெட்டுள்ளது என்பது அந்நகரில் எழும் புகையின் அளவை மாத்திரம் பொறுத்ததன்று. எழுந்த புகை வெளியேற வழியுண்டா என்பதையும் பொறுத்தது. இவ்விரண்டாவது செய்தியைத் திட்டம் வகுப்போர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். இலங்கையில் அதனை மறக்கவொட்டாமல் நினைவூட்டி நிற்கும் ஊர் கண்டி மாநகர்.

கொழும்பையும் கண்டியையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு இது விளங்கும். கொழும்பிலே துறைமுகம் உண்டு. அதன் அயலிலே சப்புகஸ்கந்தையில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. தொழிற்சாலைகள் பல உண்டு. வீதிகளில் ஓடும் வாகனங்களோ கண்டியில் ஓடுவனவற்றினும் பன்மடங்கு. கண்டி மாநகர சபையின் எல்லைக்குள் வாழ்வோர் ஏறக்குறைய ஓரிலட்சம் பேரே. புகைபோக்கி வானளாவும் பெருந்தொழிற்சாலை ஒன்றும் அங்கே இல்லை. எனினும், பேராதனைப் பல்கலைக்கழகத்து இரசாயனவியலாளர் வளியின் மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்தபோது, மாசுகள் சிலவற்றின் அளவு கண்டியிலே கொழும்பினும் மிகுந்திருக்கக் கண்டனர். பேராசிரியர் ஒலிவர் இலேபெரும இதனைப் பல கட்டுரைகளிலே எடுத்துரைத்தார். கேட்டவர்களிற் பலர் நம்ப மறுத்தனர். மலைநாட்டுக் காற்று மருந்துக்கு ஒப்பானது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கையன்றோ? ஆங்கிலேயர் ஆட்சியில் நோயுற்ற அதிகாரிகள் உடல் தேறுவதற்கென்றே நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டனர். குளிர்ச்சியும் பசுமையும் உள்ள இடத்தில் வளியும் தூயதாகவே இருக்கும் என்று மக்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் குளிர்ச்சி வேறு, தூய்மை வேறு. கண்டியைப் பொறுத்தவரையில், அதிகாலைக் குளிர்ச்சியே தூய்மைக்குப் பகையாகிறது.

அது எவ்வாறு என்பதை அறியக் கண்டியின் நிலத்தோற்றத்தை முதலிற் காண வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் ஒரு சிறு பள்ளத்தாக்கினுள் அந்நகர் அமைந்திருக்கிறது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர் மதில்போல் எழுந்து நிற்கிறது. மேற்கே புத்தர் சிலை விளங்கும் பஹிரவகந்தை. வடகிழக்கே தலதா மாளிகைக்குப் பின்புறமாக உடவத்தகலைக் காடு. அவற்றுக்கப்பால் மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடுகிறது. நடுவிலே ஏரி. கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டளவில் வயல் நிலத்தை அணைகட்டி அமைத்த ஏரி அது. பறங்கியரும் ஒல்லாந்தரும் பலமுறை படையெடுத்தும் நிலையாகக் கைப்பற்ற முடியாதபடி 1815 வரை அவ்விராச்சியத்தைக் காத்தவை அதனைச் சூழ்ந்த மலைகளே. பகைவரை உள்ளே புகவிடாத அரண், இந்நாளிலே புகையை வெளியே போகவிடாத அரணாயிற்று.

சாதாரண நாளொன்றில், தரையை ஒட்டிய வளி வெயிலாற் சூடேறி இலேசாகி மேலெழும். மேலேயுள்ள குளிர்ந்த வளி கீழிறங்கும். இவ்வாறு கீழ்மேலாகக் கலப்பதனாலே தரையில் எழுந்த புகையும் உயரே சென்று பரந்து மெலிந்துவிடும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று ஓய்ந்திருக்கும் இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழந்துவிடுகிறது. அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளியும் குளிர்கிறது. குளிர்ந்த வளி பாரமானது. ஆகவே மலைச்சரிவுகளின் வழியே நீர் வழிவதுபோல் மெல்ல வழிந்து பள்ளத்தின் அடியிலே வந்து தேங்குகிறது. அதற்கு மேலே இருப்பது அதனினும் வெதுவெதுப்பான வளி. உயரே செல்லச் செல்லக் குளிர வேண்டிய முறை தலைகீழாகிவிடுகிறது. வளிமண்டலவியலார் இதனை வெப்பநிலை நேர்மாறல் என்பர். பானையை மூடியால் மூடிவிட்டு அதன் உள்ளே சாம்பிராணி புகைத்தால் என்ன நேருமோ அதுவே பள்ளத்தாக்கிலும் நேருகிறது.

கொழும்புக்கும் இத்தகைய இரவுகள் உண்டு. ஆயினும் அங்கே கடற்காற்றும் நிலக்காற்றும் நாள்தோறும் மாறி மாறி வீசி நகரைத் துடைத்துச் செல்கின்றன. கண்டிக்கு அப்படிப்பட்ட துடைப்பம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறும் மாதங்களிலே மாத்திரம் நிலைமை ஓரளவு தேறுகிறது.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்த மூடி திறக்கும் நேரத்தைச் சூரியன் நிர்ணயிக்கிறான்; வாகனங்கள் புறப்படும் நேரத்தைப் பாடசாலை மணியும் கந்தோர் மணியும் நிர்ணயிக்கின்றன. வெயில் ஏறி நிலம் சூடடைந்து தேங்கிய வளி கலையத் தொடங்கக் காலை ஒன்பது, பத்து மணியாகலாம். இலங்கைப் பாடசாலைகளோ பொதுவாகக் காலை ஏழரை மணிக்குத் தொடங்குகின்றன. ஆகவே நாளிலே வளி மிக இறுக்கமாக மூடுண்டிருக்கும் வேளையும், வீதியிலே புகை மிகுந்தெழும் வேளையும், பிள்ளைகள் பஸ் நிலையங்களிலும் தெருவோரங்களிலும் நிற்கும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் பஹிரவகந்தைச் சரிவிலிருந்து கீழே நோக்குவோர் ஏரிக்கு மேலே மங்கலான படலம் ஒன்று கிடப்பதைக் காண்பர். சுற்றுலாப் பயணிகள் அதனைப் பனிமூட்டம் என்று படம் பிடித்துச் செல்வதுண்டு. அதிற் பனியும் உண்டு என்பது மெய்யே.

பள்ளத்தாக்கும் நேர்மாறலும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதை உலகம் 20 ஆம் நூற்றாண்டிலே பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1930 டிசம்பரில் பெல்ஜியத்து மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே தொழிற்சாலைப் புகை சில நாள்கள் தேங்கி நின்றதனால் அறுபது பேரளவில் மாண்டனர். 1948 ஒக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டொனோரா என்னும் சிற்றூரில் இருபது பேர் இறந்தனர். இலண்டன் மாநகர் பள்ளத்தாக்கன்றாயினும், 1952 டிசம்பர் 5 ஆம் நாள் தொடங்கி ஐந்து நாள்கள் அந்நகரை மூடிய புகைப்பனியால் நாலாயிரம் பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் அத்தொகை பன்னீராயிரம் வரை இருக்கலாம் என்றனர். அதன் பயனாகவே 1956 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தூய வளிச் சட்டத்தை இயற்றியது. கண்டியின் நிலை இவற்றைப் போன்றதன்று. அங்கே நிலக்கரிப் புகையில்லை. ஒரே வாரத்தில் உயிர்களை வாரிக்கொண்டு போகும் நஞ்சும் இல்லை. கண்டியின் தீமை மெல்ல நிகழ்வது. ஒரு பெரும் விபத்து நேராமையினாலேயே அது ஆட்சியாளரின் மேசைக்கு விரைந்து சென்று சேரவில்லை எனலாம்.

இனி, அந்தப் புகையிலே இருப்பது யாது? கண்ணுக்குக் கரியாகத் தோன்றுவது தீமையின் ஒரு பகுதியே. மருத்துவர் பெரிதும் அஞ்சுவது 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ள நுண்துணிக்கைகளையே. தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர் என்றால் இத்துணிக்கையின் சிறுமையை ஊகிக்கலாம். மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும், இவற்றைத் தடுக்கமாட்டா. நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை சென்று, அங்கிருந்து குருதியோடும் கலக்க வல்லவை இவை. ஈளை நோயை மாத்திரமன்றி, இருதய நோயையும் பாரிசவாதத்தையும் இவை மிகுவிக்கின்றன என்பது இன்று ஐயமற்ற செய்தி. டீசல் எந்திரம் எரிபொருளை முற்றாக எரிக்காதபோது இத்துணிக்கைகள் மிகுதியாக வெளிப்படும். எந்திரம் எப்போது எரிபொருளை முற்றாக எரிக்காது? பாரத்தோடு மேட்டிலே ஏறும்போதும், நின்று நின்று நகரும்போதும். கண்டி வீதிகளில் ஒரு பஸ் வண்டி செய்வது பெரும்பாலும் இவ்விரண்டையுமே.

வீதிகளின் அமைப்பும் இதற்கு உடந்தை. கொழும்பிலிருந்து பேராதனை வழியாக வரும் வீதி, யாழ்ப்பாணம், மாத்தளை, குருநாகல் ஆகிய திசைகளிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக வரும் வீதி, மகியங்கனையிலிருந்து தென்னக்கும்புறை வழியாக வரும் வீதி ஆகியவை எல்லாம் இச்சிறு பள்ளத்தை நோக்கியே வந்து கூடுகின்றன. நகருக்கு வருவோர் மட்டுமல்லர், நகரைக் கடந்து வேறிடம் செல்வோரும் அதன் நடுவாலேயே போகின்றனர். மலைக்கும் ஏரிக்கும் இடையிலே வீதியை அகலிக்க இடமில்லை. இருந்தாலும் அகலிக்கலாகாது, 1988 இல் உலக மரபுரிமை நகராக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட ஊர் அது. 1998 ஜனவரி 25 ஆம் நாள் தலதா மாளிகை வாயிலில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின்னர், மாளிகையின் முன்பாகச் சென்ற வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதனால் அவ்விடத்திலே அமைதியும் தூய்மையும் உண்டாயின என்பதை யாவரும் ஒப்புவர். ஆயின் அங்கே ஓடிய வாகனங்கள் மறைந்துபோகவில்லை. ஏரிக்கரையைச் சுற்றிச் செல்லும் வீதியிலே நெருங்கின. ஓரிடத்துப் புகையை அகற்றுவதற்கும் நகரின் புகையைக் குறைப்பதற்கும் உள்ள வேற்றுமைக்கு இது தக்க உதாரணம்.

வாகனங்களை மாத்திரம் குறைகூறுவதும் முறையன்று. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கை இல்லங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகு கொண்டே சமைத்தன. கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலே லயன் அறைகளில் வாழும் தாய்மார் புகைபோக்கியற்ற அடுப்பின் முன்னே நாளொன்றுக்குப் பல மணி நேரம் இருந்து பழகியவர்கள். நகரச் சந்தியிலே நிற்கும் பொலிஸ்காரர் உட்கொள்ளும் புகையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அத்தாய்மார் உட்கொள்ளும் புகையைப் பற்றி எழுதுவார் சிலரே. வளிமாசு பற்றிய அரசாங்கத் திட்டங்களும் வீட்டுக்கு வெளியேயுள்ள வளியையே பெரிதும் நோக்குகின்றன. சுவாசிப்பவளின் நுரையீரல் வீதி, வீடு என்று வேற்றுமை பாராட்டுவதில்லை.

அரசாங்கத் திட்டங்களின் வரலாறு நீளமானது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றியது. 1990களின் முற்பகுதியில் கொழும்புப் பெருநகரை முதன்மையாகக் கொண்டு ‘தூய வளி 2000’ என்னும் செயற்றிட்டம் வகுக்கப்பட்டது. 1994 இல் சூழல் வளியின் தர எல்லைகள் வர்த்தமானியில் வெளியாயின. ஆனால் எல்லையை மீறும் வாகனத்தை என்ன செய்வது என்பதற்கு விதி பிறக்கவில்லை. 1998 இல் சட்டத்தரணி லலனாத் டி சில்வா, நாட்டின் வளியைக் காக்க அரசு தவறியமை தம் அடிப்படை உரிமையை மீறுவதாகும் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். அவ்வழக்கின் விளைவாகவே 2000 ஆம் ஆண்டில் வாகனப் புகைக்கும் எரிபொருளுக்கும் வாகன இறக்குமதிக்குமான ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. திட்டமொன்றைச் செயலாக்க நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. 2001 இல் சுற்றாடல் அமைச்சிலே வளி வள முகாமைத்துவ நிலையம் அமைந்தது. அதன்பின் 2005, 2015, 2025 ஆகிய ஆண்டுகளை இலக்காக வைத்து அடுத்தடுத்துச் செயற்றிட்டங்கள் எழுந்தன.

இத்திட்டங்களில் எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்று ஆராய்வோர்க்கு ஒரு செய்தி தெளிவாகப் புலப்படும். 2002 ஜூனில் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலை முற்றாகக் கைவிட்டது. அது பெருவெற்றி. 2008 இல் ஈரடிப்பு எந்திரம் பூட்டிய முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. எண்ணெயும் பெற்றோலும் சேர்ந்தெரிந்து நீலப்புகை கக்கிய அவ்வண்டிகள் படிப்படியாக அருகின. அதுவும் வெற்றியே. இவ்விரண்டிலும் திறப்பு ஒருவர் கையில் இருந்தது. எண்ணெய் இறக்குமதியும் சுத்திகரிப்பும் அரசின் கையில். வண்டியோ துறைமுகத்தின் வாயிலால் வரவேண்டியது. ஒரு கட்டளை போதும். கோடிக்கணக்கான மக்களின் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய வாகனப் புகைப் பரிசோதனை அவ்வளவு எளிதாக அமையவில்லை. வருமான உத்தரவுப் பத்திரம் பெற வேண்டுமாயின் புகைச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது நல்ல விதியே. அதனாற் பல எந்திரங்கள் ஆண்டுக்கொரு முறையாவது சீர்செய்யப்பட்டன. ஆயின் சான்றிதழ் கூறுவது சோதனை நடந்த நாளின் நிலையை. அடுத்த மாதமே எரிபொருட் பம்பியைத் திருகி வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் சாரதியை அச்சான்றிதழ் தடுக்காது. அன்றியும், குற்றமற்ற எந்திரம் பூட்டிய நூறு பஸ் வண்டிகள் ஒரே சந்தியில் அரைமணி நேரம் நின்று உறுமினால், அப்புகைக்குச் சான்றிதழ் வழங்குவார் யார்? 2018 இல் கந்தகம் குறைந்த யூரோ 4 தரத்து உயர் டீசல் விற்பனைக்கு வந்தது. விலை மிகுந்தமையால் பஸ் வண்டியும் லொறியும் சாதாரண டீசலையே பெரும்பாலும் நாடின.

கண்டியின் சிக்கலை அவிழ்ப்பதோ இவை எல்லாவற்றினும் கடினமானது. காரணம், அங்கே திறப்பு ஒருவர் கையில் இல்லை. வீதி, வீதி அபிவிருத்தி அதிகாரசபையினது. ஒழுங்கைகள் மாநகர சபையினவை. தனியார் பஸ் வண்டிகளின் வழியும் நேரமும் மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. சிவப்புப் பஸ் வண்டிகள் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு உரியவை. மாகாண எல்லையைத் தாண்டி ஓடுவனவற்றுக்கு வேறோர் ஆணைக்குழு. புகையிரதம் ஒரு திணைக்களம். போக்குவரத்தை நெறிப்படுத்துவது பொலிஸ். பாடசாலை நேரம் கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு. கட்டடம் எழுப்புவதானால் மரபுரிமை விதிகளையும் பார்க்க வேண்டும். இவர்களில் எவரும் தம் கடமையில் வளியின் தூய்மையை முதலாவதாக எழுதி வைத்தவர் அல்லர். சுற்றாடல் அதிகாரசபையோ அளந்து கூறலாம், எச்சரிக்கலாம். ஒரு பஸ் தரிப்பிடத்தை நூறு யார் தள்ளிவைக்க அதனால் இயலாது.

புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள குட்செட் பஸ் நிலையத்தின் வரலாறு இதற்குச் சான்று. பஸ்ஸும் புகையிரதமும் ஒரே கூரையின் கீழ்ச் சந்திக்கும் பல்வகைப் போக்குவரத்து நிலையம் ஒன்றை அங்கே எழுப்புவதென்பது, 2014 இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய நகர அபிவிருத்தித் திட்டத்தின் முக்கிய யோசனைகளில் ஒன்று. நகரின் பல மூலைகளிற் சிதறிக் கிடக்கும் பஸ் தரிப்பிடங்கள் ஒன்றுசேருமாயின், பயணிகளை இறக்கிய பின் வெறுமனே வட்டமிடும் வண்டிகள் குறையும். அவற்றின் புகையும் குறையும். யோசனை சரியானதே. எனினும் அது ஆண்டாண்டாக இழுபட்டது. இடையே 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்துற்றது. கட்டடம் எழும்வரை காத்திராமலே செய்யக்கூடியவை பல இருந்தன. தரிப்பிடத்தில் நிற்கும் வண்டியின் எந்திரத்தை நிறுத்துவிப்பதற்கு உலக வங்கியின் கடன் வேண்டியதில்லை.

பாடசாலைப் போக்குவரத்தும் அத்தகையதே. கண்டி நகரின் நடுவிலும் அதனை ஒட்டியும் புகழ்பெற்ற கல்லூரிகள் பல அமைந்துள்ளன. கம்பளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும்கூடப் பிள்ளைகள் நாள்தோறும் வருகின்றனர். ஒரு பிள்ளைக்கு ஒரு வான் அல்லது ஒரு கார் என்ற வழக்கம் வளர்ந்தபோது, பாடசாலை விடுமுறை நாளில் நெரிசலின்றிக் கிடக்கும் வீதி பாடசாலை நாளில் அசைய மாட்டாததாயிற்று. 2005 இல் தொடங்கப்பட்ட ‘சிசு செரிய’ என்னும் மாணவர் பஸ் சேவை இதற்கு நல்ல மருந்து. அம்மருந்து போதிய அளவிற் கொடுக்கப்படவில்லை என்பதே குறை. ஊரிலுள்ள பாடசாலை தரமாயிருந்தால் பிள்ளை ஏன் இருபது மைல் வரவேண்டும் என்று கேட்போரும் உளர். அக்கேள்வி வளிமாசுத் திட்டத்திலே இடம்பெறுவதில்லை. ஆயினும் கண்டியின் வளிக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1867 இல் கண்டியை அடைந்து, 1880 இல் மாத்தளைவரை நீண்ட இருப்புப்பாதை இப்பள்ளத்தாக்கின் ஊர்களை ஒன்றோடொன்று இணைத்தே அமைக்கப்பட்டது. நகரை அடுத்த ஊர்களுக்குக் காலை மாலை ஓடும் குறும்பயண வண்டிகளுக்கென அதனை முழுமையாகப் பயன்படுத்தும் எண்ணம் நெடுங்காலமாகப் பேச்சளவிலேயே நின்றது.

வாகனமே தலையாய காரணம் என்பதை இயற்கையே ஒருமுறை பரிசோதித்துக் காட்டியது எனலாம். 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது வீதிகள் வெறிச்சோடின. கொழும்பிலும் கண்டியிலும் நுண்துணிக்கைகளின் அளவு கணிசமாகக் குறைந்ததை அளவுகருவிகள் பதிவு செய்தன. மலைகளும் நேர்மாறலும் முன்போலவே இருந்தன. மூடியின் கீழே எரிந்த அடுப்புத்தான் அணைந்திருந்தது.

அதற்கு எதிரிடையான பாடத்தை 2022 டிசம்பர் கற்பித்தது. வங்காள விரிகுடாவிலே மாண்டஸ் புயல் நிலைகொண்டிருந்த அந்நாள்களில், இந்தியப் பெருநிலத்திலிருந்து மாசடைந்த வளி வடகிழக்குக் காற்றோடு வந்து இலங்கையை மூடியது. யாழ்ப்பாணமும் கொழும்பும் கண்டியும் ஒருங்கே பாதிப்புற்றன. டிசம்பர் 9 ஆம் நாள் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. வளி கெட்டமைக்காகப் பாடசாலைக்கு விடுமுறை என்பது இலங்கைப் பெற்றோருக்குப் புதிய செய்தி. இதனைக் காட்டி, குற்றமெல்லாம் கடலுக்கு அப்பாலிருந்து வருவதே என்று கூறுவாரும் தோன்றினர். வெளியிலிருந்து வருவது ஆண்டிற் சில நாள்களுக்கு உரியது. ஏழரை மணிக் கண்டியின் புகை ஆண்டு முழுவதற்கும் உரியது. அதை அனுப்பியவர் எவரும் அயலார் அல்லர்.

அயல்நாட்டைப் பழிப்பதினும் அங்கே செய்யப்படுவதை அறிவது பயன்தரும். இந்திய அரசாங்கம் 2019 ஜனவரியில் தேசியத் தூய வளித் திட்டத்தைத் தொடங்கியது. துணிக்கைகளின் அளவை 2017 ஆம் ஆண்டின் நிலையிலிருந்து 2024 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை குறைப்பது முதலில் வகுத்த இலக்கு. பின்னர் அது 2026 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 40 என உயர்த்தப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் அதில் அடங்கின. அத்திட்டத்திலே குறைகள் மலிந்திருந்தன. பணத்திற் பெரும்பகுதி வீதித் தூசியை அடக்குவதிலே செலவாயிற்று. புகையின் தோற்றுவாய்கள் அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. ஆனாலும் அதில் மெச்சத்தக்க கூறு ஒன்றுண்டு. ஒவ்வொரு நகரமும் தன் நிலத்துக்கும் தன் புகைக்கும் ஏற்பத் தனக்கெனத் தனித்திட்டம் வகுக்க வேண்டும் என்றும், குறைத்துக் காட்டிய அளவைக் கொண்டே அது மதிக்கப்படும் என்றும் அத்திட்டம் விதித்தது. இலங்கையின் திட்டங்கள் நாட்டை ஒன்றாகவே நோக்கின. ஈயத்தையும் ஈரடிப்பு எந்திரத்தையும் ஒழிப்பதற்கு அந்நோக்கு போதுமானதாயிருந்தது. மலைகளுக்கிடையே மூடுண்ட ஓர் ஊருக்கு அது போதாது. கடற்காற்று வீசும் கொழும்பு தாங்கக்கூடிய வாகனத் தொகைக்கும் கண்டி தாங்கக்கூடிய தொகைக்கும் ஒரே கணக்கு பொருந்துமா?

எல்லைகளைப் பற்றியும் ஒரு சொல். 2008 இல் திருத்தப்பட்ட இலங்கை விதிகளின்படி, கனமீற்றர் வளியில் இந்நுண்துணிக்கை ஆண்டுச் சராசரியாக 25 மைக்ரோகிராமையும், ஒருநாட் சராசரியாக 50 மைக்ரோகிராமையும் மிஞ்சலாகாது. உலகச் சுகாதார தாபனம் 2021 இல் வகுத்த அளவுகள் முறையே 5 உம் 15 உம் ஆகும். ஆகவே இலங்கைச் சட்டத்தின்படி குற்றமற்ற வளியும் மருத்துவரின் பார்வையிலே குற்றமுடையதாகலாம். அன்றியும், நாட்சராசரி என்பது நள்ளிரவையும் நண்பகலையும் காலை ஏழரை மணியையும் ஒன்றாகக் கூட்டிப் பிரித்து வரும் எண். பஸ் நிலையத்திலே நிற்கும் பிள்ளை சராசரியைச் சுவாசிப்பதில்லை. அந்த நேரத்து வளியையே சுவாசிக்கிறது.

மத்திய சுற்றாடல் அதிகாரசபை பத்தரமுல்லையிலும் கண்டியிலும் தானியங்கி அளவீட்டு நிலையங்களை நிறுவியமை வரவேற்கத்தக்கது. அதற்கு முன்னர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் அவ்வப்போது எடுத்த மாதிரிகளே ஆதாரமாயிருந்தன. வாகன நெருக்கத்துக்கும் துணிக்கை அளவுக்கும் உள்ள தொடர்பைப் பேராதனைப் பொறியியற் பீடத்தார் 2008 இலேயே ஆராய்ந்து வெளியிட்டிருந்தனர். ஆயினும் ஒரு நிலையம் ஓர் இடத்தின் செய்தியையே கூறும். நகரின் நடுவிலுள்ள கருவி கெட்டம்பேயில் நிற்பவருக்கோ, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே கடை வைத்திருப்பவருக்கோ, தென்னக்கும்புறையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கோ விடை தராது. சிறு விலையில் கிடைக்கும் உணர்கருவிகள் இன்று வந்துள்ளன. பெரிய கருவியின் நுட்பம் அவற்றுக்கு இல்லையெனினும், பெரிய கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டால் எந்தச் சந்தியில் எந்த மணியில் வளி மிகக் கெடுகிறது என்பதை அவை காட்டிவிடும். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புறை ஆகிய மூன்று வாயில்களிலும், ஏரிக்கரையிலும், பஸ் நிலையங்களிலும் அத்தகைய கருவிகளை வைத்து, காலை ஆறு மணி முதல் பத்து மணி வரையுள்ள அளவைத் தனியே பிரித்து வெளியிடுவது மாநகர சபையின் ஓராண்டுச் செலவுக்குள் அடங்கும் காரியம். எந்தப் பஸ் தரிப்பிடத்தை முதலில் மாற்ற வேண்டும், எந்த வீதியைக் காலை வேளையில் லொறிகளுக்கு மூட வேண்டும் என்ற வாதங்களுக்கு அந்த நான்கு மணி நேரக் கணக்கு ஒன்றே தக்க ஆதாரமாகும்.